காகத்தை எங்கே வைப்பது

ஓய்வு பெற்ற மனிசனை முழுநாளும் வீட்டில் வைத்திருப்பது என்றால் என்னவென்று கொழும்பு வெள்ளவத்தையில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். என் கணவர் காப்புறுதிக் கொம்பனி வேலையை விட்டு வந்ததும் முதலில் என்னுடைய குசினி அலுமாரியில் கைவைத்தார். மிளகாய்த்தூள் போத்தல் எங்கே என்று என் சொந்த வீட்டில் நான் அவரைக் கேட்கவேண்டி வந்தது. பிறகு பல்கனிப் பூச்சாடிகளை உயரப்படி அடுக்கினார். அடுத்தது நான்தான் என்று பயந்துகொண்டிருந்த நேரத்தில், மெல்பேர்னிலிருந்து லீவுக்கு வந்த மகள் தன்னுடைய பழைய டேப்லெட்டை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் செய்த எத்தனையோ நல்ல காரியங்களில் அதுதான் பெரிது.

டெப் என்றுதான் வீட்டில் சொல்வோம். அதில் வீடியோ வெட்டி ஒட்டுகிற ஆப் ஒன்று இருந்தது. மேலே படம் ஓடும். கீழே நீளமாக ஒரு பட்டி. அதை டைம்லைன் என்று சொல்லவேண்டுமாம். எடுத்த துண்டுகள் எல்லாம் அந்தப் பட்டியில் பெட்டி பெட்டியாக வரிசையில் நிற்கும். ஒன்றை விரலால் அமத்திப் பிடித்தால் கொஞ்சம் எழும்பும். இழுத்துக்கொண்டு போய் வேறு இரண்டுக்கு நடுவில் விட்டால் மற்றவை எல்லாம் விலகி இடம் கொடுக்கும். எங்கள் கொழும்புக் காலி வீதி பஸ்ஸில்கூட ஒருவரும் அப்படி ஒதுங்கி இடம் தருவதில்லை. மனிசன் அதில் மயங்கிவிட்டார்.

மழை பெய்தால் படம். கடலோரம் ரயில் போனால் படம். நான் தோசைக்கு அரைத்தால் அதுவும் படம். பின்னேரம் சாய்மனைக் கதிரையில் இருந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, துண்டுகளை இழுத்து இழுத்து வைப்பார். யூடியூபில் ஒரு ஆள் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறானாம். அவன் சொன்னதை எனக்குத் தேத்தண்ணி குடிக்கும்போது இவர் சொல்லிக்கொடுப்பார். "முதல் ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ளை ஆளைப் பிடிக்கவேணும், விளங்குதோ. இருக்கிறதிலை நல்ல துண்டைத் தூக்கி முன்னுக்கு வைக்கவேணும்." எனக்கு விளங்கித்தான் என்ன ஆகப்போகிறது. குசினி அலுமாரி திரும்ப என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு அது போதும்.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் திவசம் வந்தது.

நாங்கள் மூன்று பேர். அக்கா டொரண்டோவில், தம்பி லண்டனில், நடுவில் நான் வெள்ளவத்தையில். அப்பா கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். இந்த வீட்டில்தான் கண்ணை மூடினார். தம்பி அவசரமாக பிளேன் பிடித்து வந்து கொள்ளி வைத்தான். அக்கா வரவில்லை. கலியாணம் முடித்த கையோடு கனடா போனவர் அவர். முதலில் பேப்பர் சரிவரவில்லை. பேப்பர் சரிவந்தபோது பிள்ளைகள் சின்னன். பிள்ளைகள் வளர்ந்தபோது அத்தான் வருத்தமாய்ப் படுக்கையில். அத்தானும் போய், இனித் தனி ஆள்தானே, ஒருக்கால் வந்து போகலாம் என்று வெளிக்கிட்ட நேரத்தில் அவருடைய இருதயத்தைப் பார்க்கிற டொக்டர் நீண்ட பயணம் கூடாது என்று சொல்லிவிட்டார். அப்பாவின் முகத்தைக் கடைசியாக அவர் பார்த்தது போன் திரையில். அதைப் பற்றி அக்கா ஒருநாளும் என்னிடம் கதைத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே வருசா வருசம் திவசத்தை நான் செய்வேன். செய்வதைப் போனில் பிடித்து, துண்டு துண்டாக, நடக்க நடக்கக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவேன். காய் வெட்டுவது, சமைப்பது, அப்பாவின் படத்துக்கு முன்னால் படைப்பது, பல்கனியில் காகத்துக்கு வைப்பது, கடைசியில் நாங்கள் சாப்பிடுவது. தம்பி ஒரு சொல் எழுதுவான். அக்கா கும்பிடுகிற கை ஒன்று போடுவார். அவ்வளவுதான். பார்க்கிறார்களோ இல்லையோ என்றுகூட நான் யோசித்தது உண்டு.

இந்த முறை என் மனிசன் சொன்னார், "துண்டு துண்டா அனுப்பாதையும். நான் எல்லாத்தையும் ஒண்டாக்கித் தாறன்." சரி, செய்யட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் நாள் மார்க்கெட்டில் வாழையிலையும் வாழைக்காயும் பூசணிக்காயும் ஒன்றாக வாங்குவதைப் பார்த்த மரக்கறிக்காரன், "அக்கே, ஹெட்ட தானேத?" என்று கேட்டான். நாளைக்குத் தானமா என்று. ஓம், தாத்தாவுக்கு என்று நான் சொன்னதும் (சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா) காசு எடுக்காமல் ஒரு பிடி கறிவேப்பிலையைப் பையில் போட்டான். மறுநாள் விடியக் கோயிலுக்குப் போய் ஐயருக்கு அரிசியும் காய்கறியும் கொடுத்துவிட்டு வந்து சமைக்கத் தொடங்கினேன். இவர் டெப்போடு பின்னாலேயே வந்தார். கத்தரிக்காய் வெட்டினால் கிட்ட வருவார். கறிக்குப் பால் விட்டால் இன்னும் கிட்ட வருவார். "கொஞ்சம் மெதுவா விடும், வடிவா வருது." திவசச் சமையலில் ருசி பார்க்கக்கூடாது. மணத்தை வைத்துத்தான் உப்பைக் கணிக்கவேண்டும். அதை ஒருமனதாகச் செய்ய விடாமல் மூக்குக்கு முன்னால் டெப்பை நீட்டிக்கொண்டு நின்றால் ஆருக்குத்தான் கோபம் வராது? உப்பு எப்படியும் சரியாக வந்ததே, அதைச் சொல்லுங்கள்.

படைத்தோம். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், வடை, பாயாசம். பக்கத்தில் அப்பாவுக்கு ஒரு சுருட்டு. கற்பூரம் காட்டி, தண்ணீர் சுற்றி, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு, பிறகு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு இலைத் துண்டில் பல்கனிச் சுவரில் வைத்தேன்.

இனிக் காகம் எடுக்கவேண்டும். எடுத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். வெள்ளவத்தைக் காகங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. காலி வீதிக் கடைகளின் ரோல்ஸிலும் கட்லட்டிலும் வளர்ந்தவை. மரக்கறிச் சோற்றை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, எதிர் மாடித் தண்ணீர்த் தாங்கியில் போய்க் குந்தியிருந்தன. நான் "கா, கா" என்று கூப்பிடுகிறேன். இவர் டெப்பை நீட்டியபடி நிற்கிறார். "கை உளையுது" என்கிறார். "ஆட்டாமல் பிடியுங்கோ" என்கிறேன். ஒரு ரயில் போனது. கீழே ஒரு முச்சக்கரவண்டிக்காரன் யாரையோ ஏசினான். பிறகு, எங்கள் இரண்டு பேருக்கும் பசியில் கண் இருளத் தொடங்கிய பிறகு, ஒரு காகம் வந்தது. சோற்றைப் பார்க்கவில்லை. பருப்பைப் பார்க்கவில்லை. நேரே வடையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"மாமாவேதான்" என்றார் இவர். அப்பா எந்தப் பந்தியிலும் வடையைத்தான் முதலில் எடுப்பார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பின்னேரம் இவர் கதிரையில் இருந்து வெட்டி ஒட்டினார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தொடக்கத்திலேயே காகம் செட்டையை விரித்து வந்து வடையைக் கவ்விக்கொண்டு போகிறது. பிறகு கத்தரிக்காய். பிறகு மற்றதெல்லாம். முடிவில் நாங்கள் சாப்பிடுவது. காத்திருந்த நேரத்தையெல்லாம் வெட்டிவிட்டார். "எப்பிடி?" என்று கேட்டார். வடிவாய்த்தான் இருந்தது. அனுப்புங்கோ என்றேன்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது அக்கா போன் எடுத்தார். அங்கே அப்போது காலை.

"காகம் எப்ப எடுத்தது?" என்றுதான் கேட்டார். ஹலோவும் இல்லை, எப்பிடி இருக்கிறாயும் இல்லை.

"இதென்ன கேள்வி அக்கா? படைச்சாப் பிறகுதான்."

"அப்ப ஏன் முதல் காட்டினனீங்கள்?"

"அது இவர்தான் வடிவுக்காக முன்னுக்கு வைச்சவர்."

அக்கா சொன்னார், "நான் சாப்பிட்டிட்டன்."

"நல்லதுதானே. சாப்பிடத்தானே வேணும்."

"உனக்கு விளங்கேல்லை. காகம் எடுத்தாப் பிறகுதான் நான் வாயிலை வைக்கிறனான். ஒவ்வொரு வருசமும் அப்பிடித்தான். முதல் நாள் இரவிலை இருந்து விரதம் இருந்து, விடிய எழும்பிச் சமைச்சு, ரீவியிலை நீ அனுப்புறதைப் போட்டிட்டு முன்னாலை இலையோடை இருப்பன். நீ படைக்கேக்கை நானும் படைப்பன். உன்ரை காகம்தான் எனக்கும் காகம். இண்டைக்குப் போட்ட உடனை காகம் வந்து எடுத்திட்டுது. சரி, இந்த முறை வேளைக்கே எடுத்திட்டுதாக்கும், சுருக்கி அனுப்பியிருக்கிறாளாக்கும் எண்டு சோத்திலை கைவைச்சிட்டன். நாலு வாய் சாப்பிட்டிட்டுப் பாக்கிறன், நீ கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்கிறாய். அப்பாவுக்குப் படைக்கமுதல் நான் சாப்பிட்டிட்டன், பிள்ளை."

இத்தனை வருசமும் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டு அக்கா தன் வேலையைப் பார்க்கப் போகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கை வந்தது சாப்பிட்டு முடித்த பிறகு என்று எனக்கு எப்படித் தெரியும்? சாவீட்டுக்கும் வரக் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் படையலுக்கும் வரவில்லை, முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்கும் வரவில்லை. அப்பாவுக்கென்று அவர் தன் கையால் செய்கிற ஒரே காரியம் இது. அதையும் நாங்கள் கெடுத்துப்போட்டோம்.

"அக்கா, அப்பா இதுக்கெல்லாம் கோவிப்பாரோ? உங்களிலை அவர் எப்ப கோவிச்சவர்?" என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

"எனக்கு அதைச் சரியாப் பிடிச்சு அனுப்பு" என்றார். "நடந்த மாதிரியே. நான் நாளையிண்டைக்குத் திரும்ப விரதம் இருந்து செய்யப்போறன்."

"இருதய வருத்தக்காரி ஒரு கிழமையிலை ரெண்டு தரம் பட்டினி கிடக்கிறதோ?" என்று ஏசினேன்.

"தேத்தண்ணியோடை குளிசை போடுவன். நீ அனுப்பு" என்று போனை வைத்துவிட்டார். அக்கா அக்காதான். எத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் கட்டளை இடுகிற குரல் மாறாது.

இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். முகம் இருண்டுவிட்டது. புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. நாலு வார்த்தை நன்றாகக் கேட்கவேண்டும் என்று வந்த எனக்கு, அந்த முகத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை. "யூடியூபிலை சொல்லுறவனுக்குத் திவசம் தெரியுமோ? அவன் பாவம்" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஒரு வாய் சாப்பிட்டார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் டெப்பை நடுவில் வைத்துக்கொண்டு இருந்தோம். அந்தப் பட்டியில் நான் கைவைத்தது அன்றுதான் முதல் தடவை. காகத்தின் பெட்டியை என் விரலால் அமத்திப் பிடித்தேன். எழும்பியது. கத்தரிக்காயைத் தாண்டி, குழம்பைத் தாண்டி, கற்பூரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்ப் படையலுக்குப் பின்னால் விட்டேன். பாதி வழியில் கை நழுவிக் காகம் பாயாசத்துக்கு முன்னால் விழுந்தது. இவர் சிரித்தார். திரும்ப எடுத்துச் சரியான இடத்தில் வைத்தேன்.

"காத்திருந்த துண்டு எங்கை?" என்று கேட்டேன்.

"அதை வெட்டிப்போட்டனே."

அழித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை என்று காகப் பெட்டியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். அதில் வெள்ளையாக ஒரு கரை. அதைப் பிடித்து இழுத்தால், வெட்டியது எல்லாம் உள்ளிருந்து வெளியே வருகிறது. சட்டை தைக்கும்போது உள்ளுக்கு மடித்து விட்ட துணியைப் பிரித்து எடுக்கிற மாதிரி. ரயில் திரும்ப வந்தது. முச்சக்கரவண்டிக்காரனின் ஏச்சு வந்தது. "கை உளையுது" வந்தது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"முழுக்க விடுங்கோ" என்றேன்.

"காகம் இல்லாத பல்கனிச் சுவரை இவ்வளவு நேரம் ஆர் பாக்கிறது?"

"அக்கா பாப்பா."

இவர் வெட்டிய எல்லாவற்றையும், கதவு சாத்தியிருந்த நேரம் உட்பட, இழுத்து விட்டார். வீடியோ பெரிதாகிக் குழுவுக்குப் போக மறுத்தது. வேறு ஏதோ வழியால் அக்காவுக்கு மட்டும் அனுப்பினார்.

மறுநாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அங்கே விடியும் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இப்போது படைத்திருப்பார். இப்போது காத்திருப்பார். பட்டினி கிடந்து தலை சுற்றி விழுந்தாரோ என்றும் ஒரு பயம். இரவு எட்டு மணி போல அக்காவிடமிருந்து எனக்கு ஒரு வீடியோ வந்தது. எதிலோ சாய்த்து வைத்த போனில் அவரே எடுத்தது. வெள்ளைச் சுவர். அக்கா நூல்சேலை கட்டி, திருநீறு பூசி, வாழையிலைக்கு முன்னால் இருக்கிறார். ரீவி படத்தில் இல்லை. ஆனால் அவர் பார்க்கிற பக்கம் அதுதான் இருக்கவேண்டும், என்னுடைய "கா, கா" கேட்கிறது. அக்கா அசையாமல் இருக்கிறார். திடீரென்று முகம் மலர்கிறது. "எடுத்திட்டுது" என்கிறார். சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்து, ஒரு வாய் எடுத்து, "அப்பா, நான் சாப்பிடுறன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு அன்றைக்குப் பசிக்கவே இல்லை.

அடுத்த நாள் இவர் டெப்பை எடுத்தார். "இதையும் உள்ளுக்கு வைப்பமே?" என்று மெதுவாகக் கேட்டார். முதல் தரம் பட்ட பாட்டில் மனிசனுக்கு என்னிடம் கேட்காமல் ஒரு துண்டை நகர்த்தப் பயம்.

எங்கே வைப்பது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. காகத்துக்குப் பிறகு, எங்களுக்கு முதல். வீட்டில் மூத்தவர் சாப்பிடத் தொடங்காமல் நாங்கள் எப்படிக் கைவைப்பது? அந்தத் துண்டை நடுவில் விட்டதும் நாங்கள் சாப்பிடுகிற பெட்டி விலகி இடம் கொடுத்தது. ஆனால் போட்டுப் பார்த்தால் ஒட்டவில்லை. எங்கள் பல்கனியில் மத்தியான வெயில், அக்காவின் வீட்டில் சாம்பல் வெளிச்சம். இவர் ஏதோ ஒரு கோட்டை இழுத்து அக்காவின் படத்தைக் கொஞ்சம் மஞ்சளாக்கினார். அக்காவின் சுவரில் எங்கள் வீட்டு வெயில் விழுந்தது. அதோடு விடவில்லை. எங்கள் பல்கனிச் சத்தத்தை மட்டும் தனியே பிரித்தெடுத்து, அதை அக்காவின் படத்துக்குக் கீழே நீட்டி வைத்தார். அக்கா சோறு பிசைகிறார், பின்னால் வெள்ளவத்தைக் காகங்கள் கத்துகின்றன. "அப்பா, நான் சாப்பிடுறன்" என்கிறார், கடலோரம் ரயில் போகிறது. அதைக் கேட்டுவிட்டு நான் அழுதேன். இவர் பிழை ஏதும் விட்டுவிட்டாரோ என்று பயந்து போனார். இல்லையப்பா, நல்லாயிருக்கு, அனுப்புங்கோ என்றேன்.

காத்திருக்கிற நேரத்தைக் கொஞ்சம் சுருக்கி, குழுவுக்குப் போகிற அளவாக்கி அனுப்பினார். லண்டனில் தம்பி வேலை முடிந்து ரயிலில் வரும்போது பார்த்திருக்கவேண்டும். உடனே எழுதியிருந்தான், "பெரியக்கா எப்ப கொழும்புக்கு வந்தவா? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

நான் விளக்கம் எழுதத் தொடங்கினேன். இவர் என் கையைப் பிடித்து, பொறும் என்றார். அக்கா எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரையில் காட்டியது. கொஞ்ச நேரம் காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது.

"நேற்று வந்தனான் தம்பி. அப்பாவோடை இருந்து வடிவாச் சாப்பிட்டனான்."